பச்சை வண்டியில் இறங்குதல்

அம்பராவா,
3 செப்டம்பர் 2007

அன்புள்ள தம்பி ஜுவைனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் நஸீஹாவும் சுகம். உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். துறைமுகத்திலிருந்து நீ பேசியதோடு சரி. தீவில் போன் கோபுரம் இல்லை, இனி தபால்தான் என்றாய். எனக்கும் அதுவே வசதி. பேச்சில் எதையாவது விட்டுவிடுவேன், எழுதும்போது விடமாட்டேன்.

உன் அண்ணனின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வியாழக்கிழமை நடந்தது. கூட்டம் நல்ல கூட்டம். ஏழாம் நாள் முடிந்த மறுநாளே தம்பி கிளம்பிவிட்டானே என்று சிலர் கேட்டார்கள். வேலை கிடைக்கும்போது போக வேண்டியதுதானே என்று சொல்லிவைத்தேன்.

நேற்று கொட்டகையைக் கூட்டினேன். டியெங் மலையிலிருந்து நீ கொண்டுவந்து போட்ட சாக்கு அப்படியே கிடந்தது. அவிழ்த்தேன். உங்கள் இரண்டு மடக்கு சைக்கிளில் பச்சை வண்டி நடு மடிப்புக்குப் பக்கத்தில் இரண்டாக முறிந்து கிடக்கிறது. நஸீஹா பார்த்துவிட்டு, "வாப்பா வண்டிய எடைக்குப் போட்டுறாதீங்க உம்மா" என்றாள். புருஷனுக்கான இத்தா, நாலு மாதம் பத்து நாள், முடியும்வரை நான் வாசல் தாண்டப் போவதில்லை. கைக்கும் வேலை வேண்டும். அதைச் சரிசெய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். பதினெட்டு வருஷம் உங்கள் இருவருக்கும் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள்தானே.

ஒன்று கேட்க வேண்டும். சீட்டுக் கம்பியில் நீங்கள் கீறிவைத்த இரண்டு கோடும் இருக்கின்றன. மேல்கோடு அவர் உயரத்துக்கு, கீழ்க்கோடு உன் உயரத்துக்கு. கம்பி மேல்கோட்டில் இறுகியிருக்கிறது. உங்கள் வருஷப் பயண வழக்கம் எனக்கு மனப்பாடம். மேட்டில் ஏறும்போது ஒருவர் பழுதுபார்த்த வண்டியை மற்றவர் ஓட்டுவார். உச்சிக்குப் போனதும் மாற்றிக்கொண்டு, அவரவர் கை வேலையில் அவரவர் இறங்குவீர்கள். "நம்ம வேலைக்கு நம்ம எலும்பைத்தான் பணயம் வைக்கணும், அடுத்தவன் எலும்ப இல்ல" என்று அவர் சொல்லாத வருஷம் உண்டா? இந்த வருஷம் வெண்ணெய் நிற வண்டி அவர் வேலை. பச்சை உன் வேலை.

வளைவில் மணல், சறுக்கி விழுந்தார் என்று நீ சொன்னதை நான் அப்படியே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அன்று நீங்கள் ஏன் மாற்றிக்கொள்ளவில்லை?

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர்பதனக் கிடங்கு வேலை, நெஞ்சில் சளி கட்டும். மிளகு போட்டுக் கஷாயம் குடி.

துஆவுடன்,
உன் மதினி முஸ்லிஹா

*

1 அக்டோபர் 2007

மரியாதைக்குரிய மதினிக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீங்களும் நஸீஹாவும் சுகமாயிருக்க துஆ.

இங்கே நோன்பு நல்லபடியாகப் போகிறது. பகலெல்லாம் பனிக்கட்டிக்குள் நிற்பதால் தாகம் தெரிவதில்லை. படகுத்துறையிலிருந்து கிடங்குக்கு ஒரே செங்குத்தான பாதை. மேலே கிடங்கு, கீழே கடல். மீன் கூடைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்குள் மூச்சு முட்டுகிறது. சாயங்காலம் சவ்வரிசி மாவில் மீனைப் பிசைந்து வறுத்துத் தருகிறார்கள். காரமே இல்லை. நீங்கள் அரைக்கும் சம்பலை நினைத்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

அந்த வண்டியை எடைக்குப் போட்டுவிடுங்கள் மதினி. பழைய இரும்பு. நஸீஹாவுக்கு நான் புதிதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

பெருநாள் வாழ்த்துகள். தெரிந்தும் தெரியாமலும், உள்ளும் புறமும் நான் செய்த பிழைகள் அனைத்தையும் மன்னிக்க வேண்டும்.

நஸீஹாவுக்கு ஸலாம் சொல்லவும். அண்ணன் கப்ரில் எனக்காகவும் பூ தூவவும். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஜுவைனி

*

அம்பராவா,
20 அக்டோபர் 2007

அன்புள்ள தம்பி ஜுவைனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். நீ நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

பெருநாள் தொழுகைக்குப் பிறகு தெருவே வந்து கைகொடுத்துப் பிழை பொறுக்கச் சொல்லிப் போனது. எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் வரிதான். நீ மட்டும் ஒரே கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறாய். மறதியாக இருக்கும்.

இருபத்தொன்பதாம் தேதி நூறாம் நாள் ஃபாத்திஹா. வர முடியாது என்று தெரியும். சொல்ல வேண்டியது என் கடமை.

பச்சை வண்டியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். செயினையும் பெடலையும் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். மடிப்புப் பூட்டைக் கழற்றும்போது அவர் வேலையெல்லாம் கண்ணுக்கு வருகிறது. அந்தத் தகேல் ரயில் பயணம் ஞாபகமிருக்கிறதா? மடித்த வண்டிகளை நம் கால்களுக்கு நடுவில் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். டிக்கெட் பரிசோதகர் வந்து, "என்னய்யா இது, தையல் மெஷினா?" என்று உதைத்துப் பார்த்தார். உன் அண்ணன், "என் ரெண்டாவது சம்சாரம் சார். மடிச்சு வச்சா வாயத் தொறக்க மாட்டா" என்றார். "மூத்தவளையும் மடிச்சுப் பாருங்களேன்" என்றேன் நான். பெட்டியே சிரித்தது. நீ சிரித்துப் புரையேறி என் மடியில் காபியைக் கொட்டினாய். பிறகு தேயிலைத் தோட்டத்து வழியாக மூவரும் மாற்றி மாற்றி ஓட்டிப் போனோம். மடித்தால் கைக்குழந்தை, விரித்தால் குதிரை என்பார் அவர்.

எதிர்வீட்டு சும்யாத்தி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "புருஷன் போன பொம்பள குர்ஆன் எடுத்து ஓதுவா. இவ உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கிறா" என்றாள். "ஓதிட்டுத்தான் தேய்க்கிறேன், நீ உன் சோத்த அடிபிடிக்காமப் பாத்துக்க" என்றேன்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை. அது என் கணக்கில் பாக்கியாக நிற்கிறது.

துஆவுடன்,
உன் மதினி முஸ்லிஹா

*

12 நவம்பர் 2007

மரியாதைக்குரிய மதினிக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல். வடக்குக் காற்று தொடங்கிவிட்டது. இனிமேல் கப்பல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பதில் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

அன்று எனக்கு முழங்கால் வலி. ஏறி வந்த வண்டியிலேயே இறங்குகிறேன் என்றேன். அண்ணன் சரி என்றார். அவ்வளவுதான் மதினி. அதில் வேறு ஒன்றுமில்லை.

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். விரிசல் இருந்தால் எண்ணெய் ஊறிக் காட்டும் கோடு எதுவும் தெரியவில்லை.

வண்டியைத் தேய்க்க வேண்டாம். அந்தப் பெயின்ட் தூசி உங்கள் மூச்சுக்கு ஆகாது.

ஜுவைனி

*

அம்பராவா,
5 டிசம்பர் 2007

அன்புள்ள தம்பி ஜுவைனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நஸீஹாவும் சுகம். காற்றும் மழையும் உன் உடம்பைப் படுத்தாமல் இருக்க துஆ.

இத்தா முடிந்தது. முதலில் கப்ருக்குப் போனேன். அங்கிருந்து வெல்டிங் கடைக்குப் போனேன்.

சுண்ணாம்புச் சோதனை பற்றி நான் உன்னிடம் கேட்கவே இல்லை. நீயாகவே எழுதியிருந்தாய். அதனால் அந்த இடத்தைத்தான் முதலில் தேய்த்தேன். பச்சைக்குக் கீழே இரும்பு வரவில்லை. சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி உதிர்ந்தது. நகத்தால் சுரண்டினேன். பட்டி. சுவரில் பிளவை அடைக்கப் பார்ப்பார்களே, அதேபோலப் பட்டி பார்த்து, மழமழவென்று தேய்த்து, மேலே பச்சை அடித்திருக்கிறது. முறிந்த குழாயின் வாயை வெயிலில் வைத்துப் பார்த்தேன். பாதி வட்டம் பளபளவென்று புதிதாக இருக்கிறது. மறுபாதி காபி நிறத்தில் துருவேறியிருக்கிறது.

வெல்டிங் பர்மின் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது அன்னிக்கு ஒடஞ்சதில்லக்கா. பாதி முன்னாடியே ஒடஞ்சிருக்கு."

"தெரியுது. நீங்க பழைய வண்டி எத்தனையோ பாத்திருப்பீங்க. தெரியாமப் பட்டி பாக்க முடியுமா?"

"கண்ண மூடிக்கிட்டா? விரிசல் தெரிஞ்சாத்தான அதுக்குப் பட்டி. யாருக்கா இந்த வேலையப் பாத்தது?"

வெளியூர் ஆள் என்றேன். பொய்யில்லை, நீ இப்போது வெளியூர்தான்.

நம் வீட்டுக்குள் வந்த ஆணி வரைக்கும் எனக்குத் தெரியும். அவர் ஒருநாளும் பட்டி வாங்கியதில்லை. அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, வண்டியை உன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பெயின்ட் ஈரம் காயாமல் நீ கொண்டுவந்து நிறுத்தினாய். "மாப்பிள்ள மாதிரி இருக்குடா" என்று அவர் சுற்றிச்சுற்றி வந்தார்.

விரிசலைப் பார்த்ததும் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல உனக்கு வாய் வந்திருக்காது. வருஷம் முழுக்க அவர் அந்த நான்கு நாளுக்காகக் காத்திருப்பவர். இந்த ஒரு தடவை தாங்கும் என்று நினைத்திருப்பாய். அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது தம்பி. அந்த அளவு பலவீனம் எல்லோரிடமும் உண்டு. எனக்குப் புரியாதது மேட்டு உச்சி. வழக்கப்படி அந்த வண்டியில் நீ இறங்க வேண்டும். முழங்கால் வலி என்றாய்.

இதற்குமேல் நான் எதையும் கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று. உச்சியில் வண்டியை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் வந்தாரா?

துஆவுடன்,
உன் மதினி முஸ்லிஹா

*

அம்பராவா,
18 பிப்ரவரி 2008

அன்புள்ள தம்பி ஜுவைனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சுகம். அங்கும் சுகமென்று நம்புகிறேன்.

ஜனவரியில் ஒரு பார்சல் வந்தது. ஒரு கூடை கருவாடு. அடியில் நஸீஹாவுக்கு ஒரு சிப்பி மாலை. கருவாட்டை உதறிப் பார்த்தோம், கூடையையும் கவிழ்த்துப் பார்த்தோம். கடிதம் இல்லை. "சித்தப்பா எழுத மறந்துட்டாரு போல" என்றாள். "காத்து அதிகமாம், பேனா பறந்திருக்கும்" என்றேன். அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவள் அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கல்லூரிக்குப் போகிறாள்.

கருவாடு வரும் கப்பலில் கடிதமும் வரும் என்று தபால்காரர் சொன்னார்.

காத்திருக்கிறேன்.

உன் மதினி முஸ்லிஹா

*

9 மார்ச் 2008

மரியாதைக்குரிய மதினிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலமாயிருக்கிறேன். காற்று அடங்கிவிட்டது. கடல் தரை மாதிரி இருக்கிறது. கணவாய் மீன் நிறைய படுகிறது. புது முதலாளி நல்ல மனிதர், தொழுகைக்கு நேரம் விடுகிறார். இரவில் எல்லோரும் கேரம் ஆடுகிறார்கள், நான் போவதில்லை.

அன்று காலை டியெங்கில் உருளைக்கிழங்குச் செடியெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. உச்சியில் ஒரு தேநீர்க் கடை. அண்ணன் எனக்கும் சேர்த்து இஞ்சித் தேநீர் வாங்கினார். கீழே போய் வொனோசோபோவில் மூக்கு ஒழுக ஒழுக நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்றார். கடைக்காரரிடம், "இவன் அடிச்ச பெயின்ட்டப் பாருங்க, கல்யாணமே பண்ணிவைக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு பச்சை வண்டிக்கு வந்து சீட்டுக் கம்பியின் பூட்டைத் தளர்த்தினார். கம்பியைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கினார். என்னைப் பார்த்தார்.

பிறகு மேல்கோட்டுக்குத் தூக்கி இறுக்கிவிட்டார்.

நஸீஹாவுக்கு மாலை பிடித்திருந்ததா?

ஜுவைனி

*

அம்பராவா,
11 மே 2008

அன்புள்ள தம்பி ஜுவைனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீ சுகமாயிருக்க துஆ.

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது.

பச்சை வண்டி தயாராகிவிட்டது. குழாயின் துருப்பிடித்த பாதியை அறுத்தெடுத்துவிட்டு, உள்ளே இன்னொரு குழாயைச் செருகி, பர்மின் சுற்றிலும் வெல்டிங் வைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். மண்ணெண்ணெய் தடவினேன், துடைத்தேன், சுண்ணாம்பு பூசினேன், ஒரு பகல் காயவிட்டேன். மடிப்புப் பூட்டுக்குப் புது ஊசி. பிரேக் கட்டை புதிது. போக்ஸ் கம்பியை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டு முறுக்கினேன். இரண்டு சக்கரமும் கோணல் இல்லாமல் ஓடுகின்றன. மற்ற இடமெல்லாம் பச்சை அடித்தேன். வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் பெயின்ட் இல்லை, பட்டி இல்லை. வெறும் இரும்பு, மேலே எண்ணெய். யாரும் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

நஸீஹா தனக்கு வெண்ணெய் நிற வண்டி போதும் என்று சொல்லிவிட்டாள். பச்சையை மடித்துச் சாக்கில் தைத்து நேற்று செமாராங் கப்பலில் போட்டிருக்கிறேன். தஞ்சோங் பினாங்கில் மாற்றி உனக்கு வந்துசேரும். அதே சாக்குதான். துவைத்துவிட்டேன்.

சீட்டுக் கம்பியை உன் கோட்டில் வைத்திருக்கிறேன்.

கிடங்கிலிருந்து துறைக்குச் செங்குத்தான பாதை என்று எழுதியிருந்தாய். அதில் நீ ஒருமுறை இறங்க வேண்டும். டியெங் உச்சியில் உன் முறை நின்றுபோயிருக்கிறது. வண்டி நன்றாக இருக்கிறது. அதற்கு என் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவருக்கும் உன் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை.

இறங்கியதும் ஒரு வரி எழுது.

துஆவுடன்,
உன் மதினி முஸ்லிஹா

*

22 ஜூன் 2008

மரியாதைக்குரிய மதினிக்கு,

ஸலாம். சாக்கு வந்துசேர்ந்தது. வந்து ஒரு வாரமாகியும் பிரிக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். கூடத் தங்கியிருக்கும் பையன்கள் நகை மூட்டையா என்று கேலி செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கிடங்கு மூடியிருந்தது. வண்டியை மேலே தூக்கிக்கொண்டு போனேன். விரித்தேன். பூட்டைப் போட்டேன். நீங்கள் சொன்ன இடத்தைக் குனிந்து பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். நல்ல வேலை மதினி. அண்ணன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் போட்டேன். கீழே கடல் தெரிந்தது. பிஸ்மி சொன்னேன். இன்னொரு காலைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றேன். பட்டி இல்லை என்று கண் பார்க்கிறது. பார்த்தாலும் நம்ப முடியவில்லை. நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை என்று தெரியும். ஆனால், செய்ய மாட்டான் என்று நினைத்த ஆள் செய்வான் என்பதும் எனக்குத் தெரியும்.

இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழே வந்தேன். துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஹம்தானி, "என்னண்ணே, பிரேக் பிடிக்கலையா?" என்றார். "பிடிக்குது" என்றேன். "பெறகென்ன, கடலுக்கா பயம்?" என்றார்.

நான் ஏறவில்லை மதினி.

ஜுவைனி

*

அம்பராவா,
22 ஜூலை 2008

ஜுவைனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம்.

இன்று வருஷ ஃபாத்திஹா. காலையில் கப்ருக்குப் போய் ஓதிவிட்டு வந்தோம். உன் பங்குப் பூவும் தூவினோம். அது மய்யித்துக்குச் சேர வேண்டியது, அதைத் தடுக்க எனக்கு உரிமையில்லை.

வண்டியை நீயே வைத்துக்கொள். திருப்பி அனுப்ப வேண்டாம். எடைக்குப் போட வேண்டும் என்று முன்பு சொன்னாய், இப்போது உன் இஷ்டம். நஸீஹாவிடம் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உனக்கு வேண்டுமானால் நீயே அவளுக்கு எழுது. பெருநாள் அட்டை அனுப்பாதே. அந்த வரியை நான் இன்னொரு முறை படிக்க விரும்பவில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டிருந்தேன். மே மாதக் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

சாக்கில் தைப்பதற்கு முந்தின நாள் சுப்ஹு தொழுதுவிட்டு வண்டியைப் பேருந்தில் போட்டுக்கொண்டு மேட்டிலிருக்கும் பெடோனோவுக்குப் போனேன். நஸீஹா வெண்ணெய் நிற வண்டியோடு அம்பராவா சந்தைக்கு முன்னால் நின்றுகொண்டாள். சீட்டுக் கம்பியை உன் கோட்டில்தான் வைத்திருந்தேன். நீயும் நானும் ஒரே உயரம். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, அந்த இறக்கம் முழுக்க வந்தேன். நடு வளைவில் பிரேக்கை விட்டும் பார்த்தேன். கலிமா சொல்லிக்கொண்டேதான் வந்தேன். வண்டி நடுங்கவில்லை. சந்தைக்கு வந்ததும் நஸீஹா, "உம்மா, தலைத்துணி பறந்துபோச்சு, எங்க விட்டீங்க?" என்றாள். எங்கே விட்டேன் என்று எனக்குத் தெரியாது.

அவர் சொன்ன வழக்கம் அது. நான் பழுதுபார்த்த வண்டியில் முதலில் நான்தான் இறங்க வேண்டும். இறங்கிய பிறகுதான் உனக்கு அனுப்பினேன்.

நீ ஏறியிருக்கலாம்.

முஸ்லிஹா